யார் கையில் சாவி?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் 2010-இல் மின்னணுவியல் பிரிவில் தேர்ச்சி பெற்று வெளியே போனவன். திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு நெட்வொர்க், சர்வர் வேலை செய்து கொடுப்பது என் பிழைப்பு. செயலாளர் அண்ணன் ஃபோன் செய்து, “செயற்கை நுண்ணறிவு மாதிரி ஏதாவது புதுசா பேசு தம்பி” என்றார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நான் பழைய விஷயம் ஒன்றைப் பேசுகிறேன். பூட்டைப் பற்றி. கதவில் தொங்கும் பூட்டு அல்ல. சர்வரில் இருக்கும் ஒரு ஃபைலைப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் திறக்கும்போது, அவர்களுக்குள் சண்டை வராமல் காக்கிற பூட்டு.

இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், நம்மில் பலர் சொந்தத் தொழில் நடத்துகிறோம். மில், ஒர்க்‌ஷாப், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் ஒரு சர்வர் இருக்கும். அதில் ஒரு ஷேர் ஃபோல்டர், அதற்குள் ஒரு டேட்டாபேஸ் ஃபைல். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸாக இருக்கலாம், ஃபாக்ஸ்புரோவாக இருக்கலாம். விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2015-இல் முடிந்துவிட்டது. ஆனாலும் அதில் எழுதிய சம்பளக் கணக்கு இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. ஓடுகிற வண்டியை யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை. நின்ற பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அலமாரியும் கணக்குப்பிள்ளையும்

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆரக்கிள், எஸ்.க்யூ.எல். சர்வர், போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் சர்வருக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஜன்னலில் நின்று, “இந்த வரியை மாத்துங்க” என்கிறீர்கள். பேரேட்டைத் தொடுவது அவர் மட்டும்தான். வரிசையை ஒழுங்குபடுத்துவதும் அவரே.

ஆக்சஸ், ஃபாக்ஸ்புரோ வகையில் கணக்குப்பிள்ளை கிடையாது. சர்வர் ஒரு அலமாரி, அவ்வளவுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அலமாரியிலிருந்து தனக்கு வேண்டிய பக்கத்தைக் கேபிள் வழியாக எடுத்து, தன் மேஜையில் வைத்துத் திருத்தி, திரும்ப வைக்கிறது. பத்துக் கம்ப்யூட்டர் என்றால் பத்துக் கைகள் ஒரே பேரேட்டில். இவர்களுக்குள் ஒழுங்கு இருக்க ஒரே வழி பூட்டுதான். பூட்டில் பிசகு வந்தால் பேரேடு கிழியும்.

பூட்டு வேலை செய்யும் விதம்

இரண்டு வகைப் பூட்டு உண்டு. ஒன்று, ஃபைலைத் திறக்கும்போதே சொல்லும் நிபந்தனை: “நான் படிக்கப் போகிறேன், மற்றவர்களும் படிக்கட்டும், எழுதட்டும்” அல்லது “நான் இருக்கும்வரை யாரும் எழுதக் கூடாது.” டாஸ் காலத்தில், 1984-இல் 3.0 பதிப்போடு, ‘ஷேர்’ என்ற புரோகிராம் இதைக் கொண்டு வந்தது. இரண்டாவது வகை, ஃபைலுக்குள்ளே இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை என்று பைட் கணக்கில் போடும் பூட்டு. ஒருவர் 25-வது ரிக்கார்டில் வேலை செய்யும்போது, இன்னொருவர் 300-வது ரிக்கார்டில் வேலை செய்ய முடிவது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் கால கிளிப்பர் புரோகிராம், 25-வது ரிக்கார்டைப் பூட்ட அந்த ரிக்கார்டு இருக்கும் இடத்தைப் பூட்டாது. 100 கோடியாவது பைட்டுக்குப் போய், அதோடு 25-ஐக் கூட்டி, அங்கே ஒரு பைட்டைப் பூட்டும். ஃபைலின் நீளமோ சில லட்சம் பைட்தான் இருக்கும். அதாவது, இல்லாத இடத்தில் பூட்டு! காரணம் இருக்கிறது. உண்மையான இடத்தைப் பூட்டினால் மற்றவர்களால் அதைப் படிக்கவும் முடியாது. ஆகவே எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு காலி மைதானத்தில் பூட்டைத் தொங்கவிடுகிறார்கள். பூட்டு இருந்தால் எழுதாதே, படிப்பதற்குத் தடையில்லை.

ஆக்சஸும் இதே வழிதான். நீங்கள் ஃபைலைத் திறந்தவுடன் பக்கத்திலேயே எல்.டி.பி. என்ற பின்னொட்டோடு ஒரு சின்ன ஃபைல் முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2007 பதிப்போடு வந்த வடிவத்தில் அதன் பின்னொட்டு எல்.ஏ.சி.சி.டி.பி. உள்ளே வருபவர் ஒவ்வொருவருக்கும் அதில் 64 பைட். முதல் 32 பைட்டில் கம்ப்யூட்டரின் பெயர், அடுத்த 32-இல் பயனாளர் பெயர். மொத்தம் 255 பேர் வரை. நிஜமான பூட்டுகள் இந்தச் சின்ன ஃபைலின் எல்லைக்கு அப்பால், மேலே சொன்ன காலி மைதானத்தில் இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒருவர் வெளியே போனாலும் அவர் பெயர் அதில் அப்படியே கிடக்கும். வாசலில் உள்ள வருகைப் பதிவேட்டைப் பார்த்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது அல்லவா, அதுபோல. பெயரைப் பார்த்து, “அவர்தான் பூட்டி வைத்திருக்கிறார்” என்று யாரையும் திட்டிவிடாதீர்கள்.

ஒரு பனியன் கம்பெனி

இப்போது 2019-இல் நான் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. 14 கம்ப்யூட்டர், ஒரு லினக்ஸ் சர்வர், அதில் சாம்பா மூலம் ஷேர் ஃபோல்டர், ஃபோல்டருக்குள் ஒரு ஆக்சஸ் ஃபைல். பவர் டேபிள் பிரிவில் டெய்லர்களுக்குப் பீஸ் ரேட் சம்பளம். எத்தனை பீஸ் தைத்தார்களோ அதற்குத் தக்க கூலி, சனிக்கிழமை மாலை கையில் காசு. பீஸ் கணக்குச் சீட்டுகளைப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஒரு பெண்ணின் வேலை.

பிரச்சினை என்ன? வாரத்துக்கு ஒரு முறையாவது, “டேட்டாபேஸ் பழுதாகிவிட்டது, ரிப்பேர் செய்யவா?” என்று கேட்கும். யாராவது ‘ஆம்’ என்று தட்டிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். சனிக்கிழமை பார்த்தால் சில டெய்லர்களின் பீஸ் குறைந்திருக்கும். அவர்கள் சத்தம் போடுவார்கள், அது நியாயம்தானே! சீட்டை எடுத்துப் பார்த்தால் சீட்டில் கணக்கு இருக்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை. காணாமல் போனவற்றில் பெரும்பாலும் அந்தப் பெண் காலையில் ஏற்றியவை. மற்றவர்கள் ஏற்றியது ஒழுங்காக இருக்கிறது.

முடிவு என்னவாக இருக்கும், நீங்களே சொல்லுங்கள். அந்தப் பெண் வேண்டுமென்றே அழிக்கிறாள், ஆளுக்கு ஆள் பாரபட்சம் காட்டுகிறாள் என்று பேச்சு. நான் போன அன்று, அவளை வேலையை விட்டு நிறுத்துவது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. முதலாளி என்னிடம், “யார் அழிக்கறாங்கன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்” என்றார். அந்தப் பெண் என்னிடம் சொன்னது ஒரே வார்த்தை: “நான் ஒண்ணையும் அழிக்கலீங்க சார்.”

நான் மூன்று விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று, கணக்கு காணாமல் போன நாட்கள். இரண்டு, ரிப்பேர் செய்த நாட்கள். மூன்று, சாம்பா எழுதி வைக்கும் லாக் ஃபைல். முதல் இரண்டும் பொருந்தின. மூன்றாவதில், அதே நாட்களில், காலை ஒன்பதரை மணியை ஒட்டி ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. தமிழில் சொன்னால்: ‘ஆப்லாக்கைத் திரும்பப் பெற முடியவில்லை, இருந்தாலும் பதில் அனுப்புகிறேன்.’

ஆப்லாக் என்னும் சலுகை

ஆப்லாக் என்றால் என்ன? பெயரில் ‘லாக்’ இருந்தாலும் அது ஒரு சலுகை. ஒரு ஃபைலை ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் திறந்திருந்தால் சர்வர் அதனிடம் சொல்கிறது: “இப்போது நீ மட்டும்தான் இருக்கிறாய். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் என்னிடம் ஓடி வராதே. உன் மேஜையிலேயே வைத்துக்கொள், சேர்த்துக் கொண்டு வா. வேறு யாராவது வந்தால் நான் கூப்பிடுகிறேன்.” வேர்டு, எக்செல் ஃபைல்களுக்கு இது மிக நல்ல ஏற்பாடு, வேகம் கூடும். இரண்டாவது ஆள் ஃபைலைத் திறந்தவுடன் சர்வர் முதல் ஆளைக் கூப்பிடும். அவர் கையிலிருப்பதை ஒப்படைப்பார். அதன் பிறகு இரண்டாவது ஆள் உள்ளே வருவார்.

முதல் ஆளுக்குக் கூப்பிட்டது கேட்கவில்லை என்றால்? சர்வர் கொஞ்ச நேரம் காத்திருக்கும். அரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, “சரி, இனி காத்திருக்க முடியாது” என்று இரண்டாவது ஆளை உள்ளே விட்டுவிடும். முதல் ஆள் கையிலிருந்த பக்கங்களில் பாதி அலமாரிக்கு வந்திருக்கும், பாதி வந்திருக்காது. ஃபைலின் உட்பொருத்தம் கெட்டுவிடும். ரிப்பேர் செய்யும்போது ஆக்சஸ் புரியாத பக்கங்களைத் தூக்கிப் போட்டுவிடும். அதில் இருந்த வரிகளும் போய்விடும்.

அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டர் கட்டிங் பிரிவு ஓரத்தில், கேபிள் இல்லாமல் வைஃபையில் இருந்தது. சிக்னல் வந்து வந்து போகும். மேலும் அவள் எட்டரை மணிக்கே வந்துவிடுபவள். மற்ற எல்லோரும் ஒன்பதரைக்கு. ஆகவே தினமும் ஃபைலை முதலில் திறப்பவள் அவள், சலுகை கிடைப்பதும் அவளுக்கே. மற்றவர்கள் வந்து திறக்கும்போது சர்வர் கூப்பிடுவது அவளைத்தான். வைஃபை விழுந்திருந்த நாளில் அந்த அழைப்பு போய்ச் சேரவில்லை. நேரத்துக்கு முன்னே வந்து வேலை செய்தவள் கணக்கு மட்டும் காணாமல் போனதற்கு இதுதான் காரணம்.

முதலாளியை உட்கார வைத்து மூன்று தேதிப் பட்டியலையும் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, “நாளைக்கு வழக்கம்போல வந்துரும்மா” என்றார். விடுபட்ட பீஸ்களைச் சீட்டைப் பார்த்து மறுபடி ஏற்றி, அடுத்த சனிக்கிழமை டெய்லர்களுக்குப் பாக்கி கொடுத்தார்கள்.

சரி செய்தது எப்படி? சாம்பா அமைப்பு ஃபைலில், எம்.டி.பி., எல்.டி.பி. என்று முடியும் ஃபைல்களுக்கு மட்டும் ஆப்லாக் கொடுக்காதே என்று ஒரு வரி எழுதினேன். ‘வீட்டோ ஆப்லாக் ஃபைல்ஸ்’ என்பது அந்த வசதியின் பெயர். மற்ற ஃபைல்களின் வேகம் குறையாது. கட்டிங் பிரிவுக்குக் கேபிள் இழுத்தோம். அவ்வளவுதான்.

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்கள், “எங்களுக்கு இது வராது” என்று நினைக்க வேண்டாம். புதிய விண்டோஸில் இதே சலுகைக்கு ‘லீஸ்’ என்று பெயர். 2018-இல் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு வந்த சமயத்தில், ஷேர் ஃபோல்டரில் இருந்த ஆக்சஸ் ஃபைல்கள் ‘முரண்பட்ட நிலையில் உள்ளன’ என்ற செய்தி பல இடங்களில் வந்தது. ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில் லீஸ் வசதியை நிறுத்தி வைக்கும்படி மைக்ரோசாஃப்டே தற்காலிக வழி சொன்னது.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

“ஃபைல் லாக் ஆயிடுச்சு” என்று ஃபோன் வந்தால் நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ள விரும்புபவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, உண்மையில் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதைச் சர்வரிடமே கேளுங்கள். விண்டோஸில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், அதில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதில் ஓப்பன் ஃபைல்ஸ். சாம்பாவில் எஸ்.எம்.பி. ஸ்டேட்டஸ் என்ற கட்டளை. எந்தக் கம்ப்யூட்டர், எந்த ஃபைல், எந்த விதமான பூட்டு என்று எல்லாம் வரும்.

இரண்டாவது, ஃபோல்டர் உரிமை. ஃபைலில் எழுத உரிமை இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அந்தச் சின்ன எல்.டி.பி. ஃபைலை உருவாக்கவும் அழிக்கவும் ஃபோல்டரிலேயே உரிமை வேண்டும். இல்லாத ஒருவர் முதலில் திறந்தால் ஃபைல் பகிர்வு முறையில் திறக்காது. அடுத்து வருபவர்களுக்கு வழி அடைபடும். “திங்கட்கிழமை மட்டும் லாக் ஆகுது சார்” என்றால், திங்கட்கிழமை முதலில் வருபவர் யார் என்று கேளுங்கள்.

மூன்றாவது, செத்துப்போன இணைப்பு. மெர்ச்சன்டைசர் ஒரு ரிக்கார்டைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு சென்னை பஸ் ஏறிவிட்டார். ஆள் போனது சர்வருக்குத் தெரியாது. லினக்ஸில் எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று டி.சி.பி. விசாரிக்க வழக்கமாக வைத்திருக்கும் இடைவெளி 7200 விநாடி, அதாவது 2 மணி நேரம். அதுவரை பூட்டு அவர் பெயரிலேயே இருக்கலாம். முதலில் சொன்ன பட்டியலில் அவர் இணைப்பைக் கண்டு துண்டித்தால் போதும். சர்வரையே ரீஸ்டார்ட் செய்து 13 பேரின் வேலையைக் கெடுக்க வேண்டியதில்லை.

நான்காவது, எல்.டி.பி. ஃபைலை அழிப்பது. விண்டோஸில் யாராவது உள்ளே இருந்தால் அழிக்க விடாது, அது ஒரு பாதுகாப்பு. லினக்ஸ் சர்வரில் உட்கார்ந்து ‘ஆர்.எம்.’ என்று தட்டினால் மறுபேச்சில்லாமல் அழித்துவிடும். உள்ளே இருப்பவர்கள் பழைய, கண்ணுக்குத் தெரியாத ஃபைலில் பூட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். புதிதாக வருபவர்களுக்குப் புது எல்.டி.பி. உருவாகும். ஒரு கூட்டத்தின் பூட்டு இன்னொரு கூட்டத்துக்குத் தெரியாது. ஃபைல் கெட இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

ஐந்தாவது, பேக்கப், ஆன்டிவைரஸ். விண்டோஸில் சில பேக்கப் புரோகிராம்கள் ஃபைலை யாரும் எழுதாதபடி பிடித்துக்கொள்ளும். லினக்ஸில் நேர்மாறு. அங்கே பூட்டு என்பது வெறும் அறிவுரை. ‘வரிசையில் வரவும்’ என்ற பலகை மாதிரி, மதிப்பவர்கள் மதிப்பார்கள். இரவு ஓடும் காப்பி கட்டளை பலகையைப் பார்க்காது, யார் எழுதிக்கொண்டிருந்தாலும் காப்பி எடுத்துவிடும். காப்பி கிடைக்கும், ஆனால் அது திறக்குமா என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியும். ஆகவே எல்லோரும் வெளியேறிய பின் பேக்கப் எடுங்கள். மாதம் ஒரு முறை அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.

ஆறாவது, புரோகிராமை எழுதிய விதம். ஃபாரம், ரிப்போர்ட் எல்லாம் அவரவர் கம்ப்யூட்டரில் இருக்கட்டும், டேபிள்கள் மட்டும் சர்வரில் இருக்கட்டும். ரிக்கார்டைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகும்படி ஸ்கிரீனை அமைக்காதீர்கள். இரண்டு டேபிளைப் பூட்டும் இடங்களில் எல்லோரும் ஒரே வரிசையில் பூட்டட்டும். இல்லாவிட்டால் குறுகிய பாலத்தின் இரு முனையிலிருந்தும் பஸ்ஸும் லாரியும் ஏறிய கதைதான். டி.பி.எம்.எஸ். வகுப்பில் பலகை நிறைய வரைந்து காட்டிய டெட்லாக் இதுவே. அன்றைக்குத் தூங்கியவர்களுக்காக நினைவுபடுத்துகிறேன்!

எப்போது வீடு மாற வேண்டும்?

ஐந்தாறு பேர், எல்லோருக்கும் கேபிள், ஒழுங்கான பேக்கப் என்றால் அலமாரி முறையே போதும். ஆக்சஸ் ஃபைலின் உச்ச அளவு 2 ஜி.பி. அதை நெருங்கினால், அல்லது கிளை அலுவலகத்திலிருந்து வி.பி.என். வழியாகத் திறக்க வேண்டியிருந்தால், கணக்குப்பிள்ளை முறைக்கு மாறிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ், மரியா டி.பி. இரண்டும் இலவசம். ஆக்சஸ் ஸ்கிரீன்களை அப்படியே வைத்துக்கொண்டு டேபிள்களை மட்டும் அங்கே மாற்ற முடியும். நான் சொன்ன பனியன் கம்பெனியும் 2021-இல் அப்படித்தான் மாறியது. அங்கேயும் பூட்டு உண்டு, டெட்லாக் உண்டு. ஆனால் ஒருவர் வைஃபை விழுந்தால் அவர் பாதியில் விட்ட வேலை மட்டும் ரத்தாகும். பேரேடு கிழியாது.

புது டெக்னாலஜி என்று நினைத்து இரண்டு காரியங்கள் செய்கிறார்கள். ஒன்று, டேட்டாபேஸ் ஃபைலை கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற ஃபோல்டரில் போட்டு நாலு பேர் திறப்பது. அங்கே ஆளுக்கு ஒரு பிரதிதான் இருக்கிறது. ஒருவர் போட்ட பூட்டு மற்றவரை எட்டாது. கடைசியில் எந்தப் பிரதி சரி என்று பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும். இரண்டு, எஸ்.க்யூ.லைட் ஃபைலை நெட்வொர்க் ஃபோல்டரில் வைப்பது. 2000-இல் வந்த அருமையான எஞ்சின் அது. ஆனால் நெட்வொர்க் ஃபைல் அமைப்புகளில் பூட்டு நம்பத் தகுந்ததாக இருப்பதில்லை என்று அதை உருவாக்கியவர்களே தங்கள் கையேட்டில் எச்சரித்திருக்கிறார்கள்.

நிறைவாக

இங்கே முதலாளிகளாக, மேனேஜர்களாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கணக்கு உதைக்கும்போது நம் கண் முதலில் போவது சம்பளம் குறைந்த ஆளின் மேல்தான். டேட்டா என்ட்ரி செய்யும் பிள்ளை, ஸ்டோர் கீப்பர், பில் போடுகிற பையன். அவர்களுக்காகப் பேச ஆள் கிடையாது. சர்வர் லாக் ஃபைல் பேசும், ஆனால் யாராவது திறந்து படிக்க வேண்டும். ஒரு மனிதரைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன்னால் அந்த லாக் ஃபைலை எடுத்து, தேதி போட்டு, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை நாள் வேலை. அந்த அரை நாளில் ஒருவருடைய பிழைப்பும் பெயரும் தப்பிக்கலாம்.

பேராசிரியப் பெருமக்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டெட்லாக்கைப் பலகையில் நன்றாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். அதோடு லேபில் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஷேர் ஃபோல்டரும் வைத்து, நடுவில் கேபிளைப் பிடுங்கி, என்ன ஆகிறது என்று மாணவர்கள் கண்ணால் பார்க்க ஒரு சோதனையைச் சேர்த்தால் நன்றாக இருக்கும். அதற்கு வேண்டிய பழைய கம்ப்யூட்டர்களை எங்கள் 2010 பேட்ச் சார்பில் வாங்கித் தரத் தயாராக இருக்கிறோம். மேடையில் சொல்லிவிட்டதால் என் பேட்ச் நண்பர்களும் இனி தப்பிக்க முடியாது!

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. பந்திக்கும் பூட்டு முறை ஒன்றுதான்: ஒரு இலைக்கு ஒருவர்.